மாமனார் தலையில் ஒரு பாலிசி

பிரெஞ்சுச் சட்டம் கனமானது என்பது காஷிஃபுக்கு அன்று மதியம்தான் தெரிந்தது. மூன்று சிவப்புப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு. வேலூர் காட்பாடி ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருந்த 'அம்சா துப்பறியும் நிலைய'த்தின் இருபத்திரண்டு படிகளையும் அவற்றைச் சுமந்தபடி ஏறியதில் அவனுக்கு மூச்சு முட்டியது.

"புதுச்சேரி வக்கீல் குடுத்துட்டாரு மேடம். ஒண்ணு கவர்ன்மெண்ட் ஆபீசுங்க எப்படி நடந்துக்கணும்னு, ஒண்ணு ஆஸ்பத்திரிங்க, ஒண்ணு இன்சூரன்ஸ். மூணையும் சேத்து ஹயாத் பாய் தலைல போட்டா, அவர் பயந்துக்கிட்டிருக்கிற கொலை நம்ம கையாலயே முடிஞ்சிடும்."

அம்சவேணி சிரிக்கவில்லை. புத்தகத்துக்குக் கை நீட்டினாள். இருபத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்தவள். யார் அழுதாலும் முதலில் பேப்பரைக் கேட்பாள். புதுச்சேரியில் பிறந்து பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் என்பது இத்தனை நாள் யாருக்கும் பிரயோஜனப்படாமல் கிடந்தது. நேற்று ஹயாத் பாஷா வந்து உட்கார்ந்ததும் பிரயோஜனப்பட்டது.

ஹயாத் பாஷாவுக்கு அறுபத்தாறு வயது. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனி வைத்திருக்கிறார். சரக்கெல்லாம் பிரான்சில் லியோன் நகரத்துக்குப் போகிறது. அங்கே அதை வாங்கி விற்பவன் நயீம் அகமது, அவருடைய ஒரே மகள் ஹீனாவின் புருஷன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் லியோனிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குக் கடிதம் போட்டது. 'ஐயா, தாங்கள் இறந்தால் நயீம் அகமதுவின் நிறுவனத்துக்கு இரண்டு லட்சம் யூரோ தரும் பாலிசிக்குத் தாங்கள் கொடுத்த சம்மதத்தை உறுதிசெய்யவும்.'

அவர் எந்தச் சம்மதமும் கொடுக்கவில்லை. ஆனால் கடிதத்தோடு வந்த நகலில் அவர் கம்பெனி லெட்டர்ஹெட், அவர் முத்திரை, அவர் கையெழுத்து எல்லாம் இருந்தன.

அன்றிலிருந்து மனிதர் உரிக்காத வாழைப்பழமும் சீவாத இளநீரும் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. கல்யாணம் ஒன்றுக்காக ஊருக்கு வந்திருந்த ஹீனாவைத் திரும்ப அனுப்பவில்லை. அவள் பாஸ்போர்ட் அவர் பீரோவில். மாப்பிள்ளை நம்பரை பிளாக் செய்தாயிற்று. இன்றைக்கு அஸர் தொழுகை முடிந்து ஐந்து மணிக்கு ஜமாத் பெரியவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வருகிறார்கள், கல்யாணத்தை முறிப்பது பற்றிப் பேச.

"அஞ்சு மணிக்குள்ள அவன் குற்றவாளின்னு எழுதிக் குடுங்க" என்றுதான் அவர் கேட்டார். "இருந்தா எழுதித் தர்றேன்" என்று அம்சவேணி சொன்னாள். அந்த 'இருந்தா' அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"பேசாம அந்த நயீமுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டா இன்னா?" என்றான் காஷிஃப்.

"கெட்டவனைக் கேட்டா நான் நல்லவன்னு சொல்லுவான். நல்லவனும் அதையேதான் சொல்லுவான். 'மாமாவுக்கு விவரமெல்லாம் சொல்லிட்டேன்'னு லெட்டர் வந்தப்புறம் அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான். 'ஒரு போன்கூட வரலை'ன்னு இவர் சொல்றார். வாய்க்கு வாய் சரியாப் போச்சு. பேப்பரைக் கேப்போம்."

முதல் புத்தகத்தைப் புரட்டினாள். பத்து நிமிஷம் கழித்து, "இங்க ஒரு வேடிக்கை இருக்கு" என்றாள். "அரசாங்க ஆபீஸ்ல ஒரு மனு குடுத்து ரெண்டு மாசம் பதில் வரலைன்னா, ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

"நம்மூர்ல ரெண்டு மாசம் பதில் வரலைன்னா ஃபைல் தொலஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்போ மாமனார் பேசாம இருந்தாரு, சம்மதம்னு மாப்பிள்ளை எடுத்துக்கிட்டானா?"

"ஆபீசுக்குத்தான் அந்த விதி. அதுலயும் ஏகப்பட்ட விதிவிலக்கு. மாமனாருக்குச் செல்லாது."

முதல் புத்தகம் மூடப்பட்டது. காஷிஃப் இரண்டாவதைத் தட்டினான். "மாப்பிள்ளை அங்க எந்த டாக்டர்கிட்டயாவது பாயோட ஹார்ட்டு, கிட்னி பத்தி விசாரிச்சிருப்பான். போன் போட்டுக் கேப்போமா?"

"சொல்லமாட்டார். நோயாளி ரகசியத்தை வெளிய விட்டா டாக்டருக்கே தண்டனைன்னு இதுல இருக்கு."

"டாக்டர் வாயத் தொறந்தா தண்டனை, கவர்ன்மெண்ட் வாயத் தொறக்கலைன்னா சம்மதம். நான் அந்த நாட்டுல பொறந்திருந்தா பட்டினி கெடந்தே செத்திருப்பேன் மேடம்."

அது உண்மை. பத்து வருஷம் தோல் மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு மேல்விஷாரத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் அலைந்த புரோக்கர் அவன். வாய் நீளம் என்று மூன்று முதலாளிகள் துரத்திவிட்டார்கள். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கிற முதல் ஆள் அம்சவேணி.

மூன்றாவது புத்தகத்தில் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. இரண்டு தரம் படித்தாள். பிறகு சம்மதக் கடிதத்தின் நகலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"காஷிஃப், இதக் கேளு. ஒருத்தன் இன்னொருத்தன் தலைமேல மரண இன்சூரன்ஸ் எடுக்கணும்னா, அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் எழுத்துல சம்மதிக்கணும். எவ்வளவு தொகைன்னும் அதுலயே இருக்கணும். இல்லைன்னா பாலிசி செல்லாது. அதனாலதான் இந்த ஃபாரத்துல தொகைக்குன்னு ஒரு எடம் விட்டிருக்கான்."

"சரி. மாப்பிள்ளை ரெண்டு லட்சம்னு போட்டிருப்பான்."

"போடலை. அதான் கம்பெனிக்காரன் குழம்பிப்போய் லெட்டர் போட்டிருக்கான். நம்ம பாய் மொத பக்கத்தைப் பார்த்ததுமே சூடாகிட்டார், இதப் பார்க்கலை. தொகை இருக்க வேண்டிய எடத்துல இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை இருக்கு. 'நாட் டிடெக்டட்.' கண்டுபிடிக்கப்படவில்லை. எந்தத் திருடன் இப்படி எழுதுவான்?"

காஷிஃப் பேப்பரை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அம்சவேணி பொறுமையாகக் காத்திருந்தாள்.

"மேடம், இது திருடன் எழுதினது இல்ல. இது தோல்காரன் எழுதினது!"

"புரியற மாதிரி சொல்லு."

"தோல் பதப்படுத்தறப்ப குரோம் போடுவாங்க இல்ல? அதுல ஒரு வகை விஷம். குரோம் சிக்ஸ்னு பேரு. ஐரோப்பாவுக்கு ஒரு ஜோடி செருப்பு போறதா இருந்தாலும், 'இதுல குரோம் சிக்ஸ் இல்லை'ன்னு கம்பெனி எழுதிக் குடுக்கணும். அளவு போடற எடத்துல எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் போடுவாங்க. நாட் டிடெக்டட். நானே ஆயிரம் பேப்பர் பார்த்திருக்கேன். பாய் செத்தா எவ்வளவு வரும்னு கேட்டதுக்கு, பாய் உடம்புல விஷம் இல்லைன்னு எழுதியிருக்கான் எவனோ!"

அம்சவேணி எழுந்துவிட்டாள். "தேதி பாரு. ஜூன் பதிமூணு, வெள்ளிக்கிழமை. உங்க ஊர்ல வெள்ளிக்கிழமைதான வார லீவு?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை மெஷின் ஓடும், வெள்ளிக்கிழமை ஊரே ஜும்மாவுக்குப் போய்டும்."

"பாய் ஆபீஸ்லயே இல்லாத நாள்ல அவரோட அசல் கையெழுத்து. எழுத்தெல்லாம் பக்கத்தோட பாதியில முடியுது, கையெழுத்து மட்டும் நாலு அங்குலம் கீழ தனியா நிக்குது. வண்டிய எடு."

காஷிஃபின் பழைய மாருதி பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஒரு தரம் அணைந்தது, மாதனூர் தாண்டி ஒரு தரம் அணைந்தது. ஆம்பூரில் ஹயாத் பாஷாவின் கம்பெனி வாசலில் நின்றபோது மணி மூன்றே முக்கால்.

உள்ளே நானூறு தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏற்றுமதி டாக்குமெண்ட் பார்க்கிற செங்கல்வராயன் கண்ணாடி அறைக்குள் இருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. நெற்றியில் விபூதி, காதில் பேனா. ஒரு ஷிப்மெண்ட்கூடத் தன்னால் தாமதமானதில்லை என்பதை அவர் வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். அன்றைக்கும் சொன்னார்.

"லியோனுக்குப் போன குரோம் டிக்ளரேஷன் ஒண்ணு காட்டுங்க சார்" என்றாள் அம்சவேணி.

பெருமையோடு ஃபைலைப் பிரித்தார். கம்பெனி லெட்டர்ஹெட்டில் பிரெஞ்சில் ஒரு பத்தி. மூன்று இடம் நிரப்பியிருந்தது. கம்பெனிப் பெயர், தேதி, 'நாட் டிடெக்டட்'. கீழே, வெகு கீழே, ஹயாத் பாஷாவின் கையெழுத்து.

அம்சவேணி சம்மதக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன இரண்டும்.

"இதுவும் நீங்க அடிச்சதுதானே?"

செங்கல்வராயன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஆமாங்க. ஜூன் மாசம் போன டிக்ளரேஷன். மாப்பிள்ளை மெயில்ல அனுப்பிச்சாரு. பிரான்ஸ்லருந்து வர்ற பேப்பர் எல்லாத்துக்கும் இதே மாதிரிதாங்க பண்ணுவேன். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. மூணு எடம் காலியா இருக்கும், ரொப்பி அனுப்பிடுவேன்."

"பாய் வெள்ளிக்கிழமை வரமாட்டாரே. கையெழுத்து?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஏழு வெற்று லெட்டர்ஹெட். ஒவ்வொன்றின் அடியிலும் ஹயாத் பாஷாவின் கையெழுத்து, மை காய்ந்து பளபளத்தது.

"சனிக்கிழமை காலைல கண்டெய்னர் மெட்ராஸ் போர்ட்டுக்குப் போணும். பேப்பர்லாம் வெள்ளிக்கிழமையே ரெடியா இருக்கணும். அதனால வியாழக்கிழமை சாயங்காலம் மொதலாளி பத்து தாள்ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போவாரு. இன்னிக்குச் சீக்கிரமாவே போட்டுட்டாரு, வீட்ல ஏதோ விசேஷமாமே. இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியிலும் இதாங்க வழக்கம்."

"விஷத்துக்குப் பயந்து வாழைப்பழம் உரிச்சுத் துண்ற மனுஷன், வெத்துத் தாள்ல கையெழுத்து போடறத மட்டும் நிறுத்தலை பாருங்க" என்றான் காஷிஃப்.

அம்சவேணி அந்த மெயிலைக் கேட்டாள். செங்கல்வராயன் தேடி எடுத்தார். நயீம் இரண்டே வரி எழுதியிருந்தான். 'மாமாவுக்கு விவரம் சொல்லிட்டேன். அவர் சரின்னா கையெழுத்து வாங்கி அனுப்புங்க.'

"இதுல 'அவர் சரின்னா'ன்னு இருக்கே. கேட்டீங்களா?"

"டிக்ளரேஷனுக்கு என்னாங்க சரி, சரியில்லை?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "அப்போ இது டிக்ளரேஷன் இல்லீங்களா?"

அம்சவேணி சொன்னாள். இருபத்திரண்டு வருஷப் பெருமை அந்த நாற்காலியிலேயே வடிந்தது. மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் ஏதோ பேஜார் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதற்குக் காரணம் தன் டைப்பிங் என்று தெரிந்ததும் காதிலிருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். காஷிஃபுக்கே பாவமாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான், ஒன்றும் பேசாமல். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

"நீங்களும் வாங்க சார். உங்க வாயாலதான் பாய் நம்புவார்."

ஹயாத் பாஷாவின் வீட்டுக்குப் போனபோது நாலே முக்கால். ஹாலில் பெரியவர்களுக்காக மூன்று நாற்காலியும் எதிரே தனக்கு ஒன்றும் போட்டு வைத்திருந்தார். அம்சவேணி இரண்டு பேப்பரையும் மேஜையில் வைத்தாள். செங்கல்வராயன் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

ஹயாத் பாஷா இரண்டு பேப்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில், "சரி, கையெழுத்து என்னோடதுதான். செங்கல்வராயன் பண்ணது கூறுகெட்டத்தனம்தான். ஆனா நயீம் என்கிட்ட சொல்லவே இல்லையே! சொன்னேன்னு மெயில்ல எழுதியிருக்கான் பாருங்க, அது பொய்தானே? என் தலைமேல ரெண்டு லட்சம் பந்தயம் கட்டினவன் அவன்தானே?" என்றார்.

வழியெல்லாம் காஷிஃப் கேஸ் முடிந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது அம்சவேணியைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்க போனைக் குடுங்க பாய்" என்றாள் அம்சவேணி.

"அதான் சொல்றேனே, அவன்கிட்டருந்து போனே வரலை."

"போனைத் தேடலை. ஜூன் மாசத்து வாட்ஸ்அப்பைத் தேடறேன்."

அவர் கொடுத்தார். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களையும் தோல் விலைப் பட்டியல்களையும் தள்ளித் தள்ளி அவள் நயீமின் பெயருக்குப் போனாள். பிளாக் செய்திருந்தாலும் பழையது அழியவில்லை. ஜூன் பத்தாம் தேதி ஒரு வாய்ஸ் மெசேஜ். நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட். கேட்கப்படவே இல்லை என்று காட்டும் பச்சைப் புள்ளி அதன் ஓரத்தில் அப்படியே இருந்தது.

"நான் இதெல்லாம் கேக்கறதில்ல" என்றார் ஹயாத் பாஷா, குரல் இறங்கி. "அரை நிமிஷத்துக்கு மேல பேசறவன் ஏதாவது கேப்பான்."

அம்சவேணி பட்டனை அழுத்தினாள். நயீமின் குரல் ஹாலில் கேட்டது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க, இது நேர்ல சொல்ல வேண்டிய விஷயம். கடையைப் பெருசு பண்ண பேங்க்ல கேட்டேன். அவன் என் கணக்கெல்லாம் பார்த்துட்டு இன்னா சொல்றான் தெரியுமா? 'உன் கடைல உனக்குன்னு ஒண்ணுமே இல்ல. எல்லாம் ஆம்பூர்ல இருக்கிற அந்த ஒரு மனுஷன். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ மூணு மாசம் தாங்கமாட்ட. அவர் பேர்ல இன்சூரன்ஸ் எடு'ன்றான். எனக்குச் சொல்லவே கூச்சமா இருக்கு மாமா. ஆனா அவன் சொன்னது பொய்யில்லை. உங்களுக்குப் புடிக்கலைன்னா வேணாம், ஒரு வார்த்தை சொல்லுங்க, இத விட்டுடறேன். ஹீனாகிட்ட சொல்லலை, பயந்துடுவா..."

மிச்சம் இரண்டரை நிமிஷமும் ஓடியது. தோல் விலை, லியோன் மழை, மாமாவின் முட்டி வலி. ஹயாத் பாஷா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, துடைத்தது வியர்வையை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றார். "ஹீனாவை நாளைக்கே அனுப்பிடறேன். நானே டிக்கெட் போடறேன். பெரியவங்ககிட்ட வரவேணாம்னு சொல்லிடறேன்."

காஷிஃப் கை தட்டாத குறைதான். ஆனால் அம்சவேணி எழுந்திருக்கவில்லை.

"பாய், உங்க தலைய வச்சு ஒருத்தர் ஏற்பாடு பண்ணா, உங்க எழுத்துச் சம்மதம் வேணும்னு பிரெஞ்சுக்காரன் சட்டம் போட்டிருக்கான். உங்களைக் கேக்கலைன்னுதானே மூணு வாரமா கொதிச்சீங்க? ஊருக்கு வந்த பொண்ணை நிறுத்தி வச்சீங்க, பாஸ்போர்ட்டைப் பூட்டினீங்க, பெரியவங்களைக் கூப்பிட்டீங்க. இப்போ நாளைக்கே அனுப்பறேன்றீங்க. அந்தப் பொண்ணை யார் கேட்டா?"

ஹயாத் பாஷா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள் அறைக் கதவு திறந்தது. ஹீனா அங்கேதான் நின்றிருந்தாள், வாய்ஸ் மெசேஜ் முழுவதையும் கேட்டபடி. இருபத்தொன்பது வயது. கண் சிவந்திருந்தது.

"அவரும்தான் கேக்கலை மேடம். நான் பயந்துடுவேனாம்." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஜாதி அப்பா. ஒருத்தர் கேக்காம பூட்டி வைக்கறீங்க, ஒருத்தர் கேக்காம மறைச்சு வைக்கறார். நான் போறதா இருந்தாலும் இருக்கறதா இருந்தாலும் நான்தான் சொல்வேன்."

வாசலில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. பெரியவர்கள் மூவரும் ஸலாம் சொல்லி உள்ளே வந்து, போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மூவரில் வயதானவர் மஹபூப் பாஷா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லுங்க ஹயாத் பாய். பொண்ணு விஷயத்துல இன்னா முடிவு பண்ணியிருக்கீங்க?"

காஷிஃபுக்கு நாக்கின் நுனியில் ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டான்.

ஹயாத் பாஷா மகளைப் பார்த்தார். மெள்ள எழுந்து பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "அவளையே கேளுங்க."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். ஹீனா அதில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். ஹயாத் பாஷா சுவரோரம் போய் நின்றுகொண்டார்.